பூமிக்கு முந்திய காலமும் அதன் பெயர்களும்

உயர்தர வகுப்பில் இலக்கிய வரலாறு படிப்பிக்கும்போது சங்க காலம், சங்கமருவிய காலம், பல்லவர் காலம் என்று கரும்பலகையில் கோடு போட்டுப் பிரிப்பேன். களப்பிரர் காலத்தைப் பழைய நூல்கள் 'இருண்ட காலம்' என்று சொல்லும். அப்போ சூரியன் உதிக்காமலா இருந்தது? இல்லை. நம்மிடம் சான்று குறைவு, அவ்வளவுதான். நமது அறியாமையைக் காலத்தின் தலையில் கட்டிவிட்டோம்.

பூமி தோன்றுமுன் கழிந்த காலத்தையும் விஞ்ஞானிகள் பிரித்துப் பெயரிட்டிருக்கிறார்கள். பிரபஞ்சத்தின் வயது ஏறக்குறைய 13.8 பில்லியன் ஆண்டு, பூமிக்கு 4.5 பில்லியன். மூன்றில் இரண்டு பங்கு வரலாறு பூமி இல்லாமலே நடந்திருக்கிறது. அங்கே அரசனுமில்லை, கல்வெட்டுமில்லை. எதை வைத்து எல்லை போடுவது?

பொருளின் நிலை மாறிய கட்டங்களை வைத்துத்தான். பெருவெடிப்பு நிகழ்ந்து ஏறக்குறைய 380,000 ஆண்டில் சூடு தணிந்து, இலத்திரன்களும் கருக்களும் சேர்ந்து அணுக்களாயின. அதுவரை சிதறிக்கொண்டிருந்த ஒளி தடையின்றிப் பரவியது. பென்சியாஸும் வில்சனும் 1965இல் அறிவித்த நுண்ணலை அதன் மிச்சமே. இக்கட்டத்துக்கு 'மீளிணைவு' என்று பெயர். ஆனா, அதற்குமுன் அவை நிலையாக இணைந்திருந்ததே இல்லை! பௌதிகவியலில் ஏற்கெனவே வழங்கிய சொல்லை இதற்கும் வைத்துவிட்டார்கள்.

அடுத்தது இங்கேயும் 'இருண்ட யுகம்'தான். ஆனால் இந்தப் பெயர் பொருந்துகிறது. முதல் விண்மீன்கள் பிறக்கும்வரை ஒளிவிட எதுவும் இருக்கவில்லை. பிறகு விண்மீன்களின் கதிர்கள் ஐதரசன் அணுக்களை உடைத்தன. அது 'மீளயனாக்கம்'. முன்பு அயனாக இருந்தது திரும்பவும் அயனாயிற்று; 'மீள்' இங்கே சரி.

சூரியக் குடும்பம் உருவானதிலிருந்து சந்திரனைப் பிறப்பித்த மோதல்வரை உள்ள காலத்துக்கு, கோல்ட்பிளாட்டும் இன்னும் மூவரும் 2010இல் 'கயோட்டியன்' என்ற பெயரை முன்மொழிந்தார்கள். கிரேக்கரின் ஆதிக்குழப்பத்திலிருந்து எடுத்த பெயர். சர்வதேசப் புவிச்சரிதவியல் அட்டவணையில் அது ஏறவில்லை. ஆனாலும் அக்காலத்துக்குச் சான்று இல்லாமலில்லை. 1969இல் மெக்சிகோவில் விழுந்த அயெந்தே விண்கல்லில் 4.567 பில்லியன் ஆண்டுப் பழமையான துணிக்கைகள் இருக்கின்றன.

மாணவர்கள் காலப் பெயர்களை மனப்பாடம் செய்யுமுன் ஒரு கேள்வி கேட்கட்டும்: இந்தப் பெயர் அந்தக் காலத்தைச் சொல்கிறதா, பெயர் வைத்தவரைச் சொல்கிறதா? களப்பிரர் காலத்துக்கும் அதே கேள்விதான்.