முதுமையும் இருதயச் சத்திரசிகிச்சையும்



எழுபது, எண்பது ஆண்டுகள் ஓய்வின்றித் துடித்த இருதயத்தைச் சத்திரசிகிச்சையாற் செப்பனிடலாமா? அதனால் முதியவர் அடையும் பயன், அவர் ஏற்கும் ஆபத்துக்கு ஈடாகுமா? அரை நூற்றாண்டுக்கு மேலாக வைத்திய உலகம் ஆராய்ந்துவரும் கேள்வி இது. இதற்குரிய விடை படிப்படியாகவே தெளிவடைந்தது.

உடல் முழுவதற்கும் குருதியைச் செலுத்தும் இருதயம், தன் தசைக்கு வேண்டிய குருதியை முடியுரு நாடிகள் வழியாகப் பெறுகின்றது. இந்நாடிகளின் உட்சுவரிலே கொழுப்புப் படிந்து வழி குறுகினால் நெஞ்சுவலி தோன்றும். திடீரென அடைபட்டால் மாரடைப்பு நேரும். வாய்க்கால் தூர்ந்தவிடத்து உழவன் பக்கத்தே வேறொரு வாய்க்கால் வெட்டி வயலுக்கு நீர் பாய்ச்சுகின்றானல்லவா? அவ்வாறே, காலிலிருந்து எடுத்த நாளத்தையோ மார்பின் உட்புறத்து நாடியையோ கொண்டு, அடைப்புக்கு அப்பால் குருதிக்குப் புதுவழி அமைப்பதே பைபாஸ் சத்திரசிகிச்சையாகும்.

இதற்கு முன்னோடிகள் பலர். 1953 இல் பிலடெல்பியா நகரில் ஜோன் கிபன், இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் சிறிது நேரம் ஏற்கும் இயந்திரத்தின் துணையுடன் ஓர் இளம்பெண்ணின் இருதயக் குறையைத் தீர்த்தார். 1958 இல் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ், முடியுரு நாடிகளை எக்ஸ்கதிர்ப் படத்திற் காணும் வழியைத் தற்செயலாகக் கண்டறிந்தார். 1964 இல் லெனின்கிராட்டில் வசீலி கொலெசொவ் மார்பு நாடியை முடியுரு நாடியுடன் இணைத்தார். ஆர்ஜென்டீனாவின் கிராமமொன்றிலே பல்லாண்டுகள் வைத்தியம் செய்த ரெனே பவலோரோ, 1967 இல் கிளீவ்லாந்திலே கால்நாளத்தைக் கொண்டு இம்முறையை நிலைநாட்டினார்.

ஆயினும் முதியோர் நெடுங்காலம் வாயிலுக்கு வெளியிலேயே நின்றனர். மருந்தையும் சத்திரசிகிச்சையையும் ஒப்பிட 1970களில் ஐரோப்பாவிலே தொடங்கிய பேராய்வு, 65 வயதுக்குக் குறைந்த ஆண்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது. எனவே முதியோரைப் பற்றிய அறிவை வைத்தியசாலைப் பதிவுகளிலிருந்தே திரட்ட வேண்டியதாயிற்று. 1983 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின்படி, சத்திரசிகிச்சையை ஒட்டி இறந்தோர், 65 வயதுக்குட்பட்டவருள் நூற்றுக்கு 1.9, அதற்கு மேற்பட்டவருள் 5.2. ஆபத்து இரு மடங்குக்கும் மேல் என்பது தெளிவு.

எனினும் வயதொன்றே காரணமா? 2000 ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, பைபாஸ் செய்துகொண்ட எண்பது வயது கடந்தோரை ஆராய்ந்தது. அவர்களுள் வைத்தியசாலையில் இறந்தோர் நூற்றுக்கு 8.1, இளையோருள் 3.0. ஆனால், வேறு பெருநோய் இல்லாத எண்பது வயதினருள் அத்தொகை 4.2 ஆகக் குறைந்தது. சிறுநீரகம், நுரையீரல், மூளை ஆகியவற்றின் நிலையும் ஆண்டுக்கணக்கோடு சேர்த்து எண்ணத்தக்கது என்பதை இது உணர்த்திற்று. 2010 இல் வெளியான ஆய்வொன்று இன்னும் எளிய அளவுகோலைத் தந்தது. இருதயச் சத்திரசிகிச்சைக்கு வந்த 70 வயது கடந்தோருள், 5 மீற்றர் தூரம் நடக்க 6 செக்கனோ அதற்கு மேலோ எடுத்தவர்களுக்குப் பெருந்தீங்கு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ மும்மடங்காயிருந்தது.

பிழைத்தெழுந்தவர் எல்லோரும் ஒரே விதமாகத் தேறுவதில்லை. முதியோர் தேற நாட் செல்லும். சிலருக்கு நினைவு தடுமாறும். சிலருக்குப் பாரிசவாதமும் நேரும். ஆயினும் தக்கவாறு தெரிந்தெடுக்கப்பட்டவர் பலர் நெஞ்சுவலி நீங்கித் தம் காரியங்களைத் தாமே செய்யும் நிலையை அடைகின்றனர்.

ஆகவே, "வயது போய்விட்டது, இனி எதற்கு?" என்று பிள்ளைகள் கைவிடுவதும் பிழை, "எப்படியாவது செய்துவிடுங்கள்" என்று வைத்தியரை நெருக்குவதும் பிழை. முதியவரின் உடல்நிலையை வைத்தியர் அளந்தறியட்டும். நீண்ட நாள் வாழ வேண்டுமா, உள்ள நாளை வலியின்றிக் கழிக்க வேண்டுமா என்பதை, நோயை அனுபவிக்கும் அம்முதியவரிடமே நாம் முதலிற் கேட்போமாக.