கரியமில உரிமமும் வரிக் கொள்ளையும்
ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் தொடங்கிய உமிழ்வு வணிகத்தில், ஒரு டன் கரியமில வாயுவை வெளியிடத் தொழிற்சாலைக்கு அளிக்கப்படும் உரிமம் கணக்கேட்டில் மட்டுமே வாழும் சரக்காக இருந்ததால், முன்னர் கைப்பேசிகளையும் கணினிச் சில்லுகளையும் எல்லை தாண்டிச் சுழற்றி வரி ஏய்த்தவர்களுக்கு, லாரியும் கிடங்கும் தேவைப்படாத புதிய களம் வாய்த்தது. வேறோர் உறுப்பு நாட்டிலிருந்து மதிப்புக் கூட்டு வரியின்றி உரிமங்களை வாங்கி, உள்நாட்டில் வரி சேர்த்து விற்று, வசூலித்த வரியை அரசுக்குச் செலுத்தாமலே மறைந்துவிடுவதும், அதே உரிமங்கள் மீண்டும் எல்லை கடந்து சுற்றுக்கு வருவதுமான இம்முறை ‘சுழல் மோசடி’ எனப்பட்டது. மொத்த உமிழ்வுக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பு இதனால் மாறவில்லை என்பதே, சுற்றுச்சூழல் குற்றங்களின் வரலாற்றில் இதற்கு ஒரு விசித்திரமான இடத்தைத் தருகிறது. பாரிசின் புளூநெக்ஸ்ட் உரிமச் சந்தையில் இம்மோசடியால் பெருகிய வணிகம், 2009 ஜூனில் பிரான்ஸ் உரிமங்களுக்கு வரிவிலக்கு அளித்ததும் சரிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியக் காவல் அமைப்பான யூரோபோல் மதிப்பிட்ட மொத்த வரி இழப்பு சுமார் 500 கோடி யூரோ.