திரையிற் கேட்ட பாட்டு: ஒரு பாடவரலாற்று ஆய்வு

தமிழ்ப் பாட்டுகள் மக்களை வந்தடைந்த வழிகள் பலவாம். வாய்மொழியாகப் பாடிப் பயின்றமை ஒரு வழி. ஏட்டில் எழுதிக் காத்தமை மற்றொரு வழி. 19ஆம் நூற்றாண்டில் அச்சுப்பொறி பரவியபின் நூலாக வெளியிட்டமை பிறிதொரு வழி. இம்மூன்றனையும் இலக்கிய வரலாற்றார் விரிவாக ஆராய்ந்துள்ளனர். 20ஆம் நூற்றாண்டில் இவற்றோடு நான்காவதாகச் சேர்ந்தது திரைப்படம். நூலில் அச்சாகிப் பல்லாண்டு கிடந்த பாட்டொன்றைப் படக்கொட்டகையில் முதன்முதற் கேட்டு, அன்றுதொட்டு அதனை மறவாது போற்றியோர் தமிழகத்தில் மிகப் பலர். ஆயினும், இவ்வழியைப் பொழுதுபோக்கெனத் தள்ளி ஆராய்ச்சியின் புறத்தே வைக்கும் வழக்கம் நம்மிடை நெடுங்காலம் நிலவிற்று.

ஒரு பாட்டு திரைக்கு வருங்கால் அதன் சொல்லளவும் பண்ணும் கூற்றும் மாறக்கூடும். மாறிய அவ்வடிவே பெரும்பாலோர் நெஞ்சில் நிலைக்கின்றது. ஆதலின், திரைவடிவத்தை அப்பாட்டின் தனியொரு பாடமாகக் கொண்டு பதிவு செய்தல் வேண்டும் என்பதே யாம் ஈண்டு நிறுவ முயல்வது. திரைக்கென்றே புதுவதாக இயற்றப்பட்ட பாடல்கள் அளவிறந்தன; அவற்றை இன்றியமையாத இடங்களில் மட்டும் சுட்டி, முன்னரே நூலிலோ வழக்கிலோ இருந்து பின்னர்த் திரைக்கு வந்த பாடல்களையே சிறப்பாக எடுத்துக்கொள்வோம்.

பரிபாடல் காட்டும் நெறி

இம்முயற்சி நம் மரபுக்குப் புதிதன்று. பரிபாடலில் முழுமையாகக் கிடைத்துள்ள 22 பாடல்களுள் பெரும்பாலானவற்றின் ஈற்றில், பாடிய புலவர் பெயர், இசை வகுத்தார் பெயர், பண்ணின் பெயர் ஆகிய மூன்றும் குறிக்கப்பெற்றுள்ளன. நல்லச்சுதனார், கண்ணாகனார், பெட்டனாகனார் முதலியோர் இசை வகுத்தோர் என அறிகின்றோம். பாலையாழ், நோதிறம், காந்தாரம் எனப் பண்களும் அறிகின்றோம். அன்று பாடிய முறை இன்று மறைந்தொழிந்தது. எனினும், சொல் ஒருவருடையது, இசை மற்றொருவருடையது என்னும் வேறுபாட்டைப் பண்டையோர் எத்துணைக் கருத்தோடு போற்றினர் என்பதற்கு அக்குறிப்புகளே சான்று.

தேவாரத்தின் வரலாறும் இத்தகையதே. ஏடுகள் கிடைத்த பின்னரும் பண்முறை தெரியாமையால், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருவரைக் கொண்டு பண் வகுக்கப்பெற்றதெனத் திருமுறைகண்ட புராணம் கூறும். அங்குச் சொல் எஞ்சிப் பண் மறைந்தது. திரைவழி வந்த பாடல்களிலோ இதன் மறுதலையைக் காண்கின்றோம்: பண் பலர் நாவிலும் வாழ, பாட்டின் எஞ்சிய பகுதியும் பாடினார் பெயரும் மறைகின்றன.

முற்காலப் படங்களும் பாட்டுப் புத்தகமும்

தமிழில் முதற் பேசும் படமெனப்படும் காளிதாஸ் 1931ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 31ஆம் நாள் வெளிவந்தது. எச். எம். ரெட்டி இயக்க, டி. பி. இராஜலட்சுமி நடித்த அப்படத்திற்கு மதுரகவி பாஸ்கரதாஸ் பாடல் எழுதினார். அவர் நாடக மேடைக்குப் பாட்டெழுதிப் புகழ் பெற்றவர். மேடைப் பாட்டின் மரபு அவர் போன்றோர் வாயிலாகவே திரைக்குள் நுழைந்தது. பின்வந்த பவளக்கொடி (1934) முதலிய படங்களிலும் உரையாடலினும் பாட்டே மிக்கிருந்தது.

காளிதாஸ் படச்சுருள் இன்று கிடைத்திலது. முற்காலத் தமிழ்ப் படங்கள் பலவற்றின் நிலையும் அதுவே. அவற்றின் பாடல்களை அறிதற்கு எஞ்சியுள்ள சான்றுகள் இசைத்தட்டும் பாட்டுப் புத்தகமுமே. கொட்டகையில் மலிவாக விற்கப்பட்ட அச்சிறு வெளியீட்டில் கதைச் சுருக்கமும், நடிகர் பெயரும், பாடல்களும் அச்சிடப்பட்டிருக்கும். கதையின் முடிவைக் கூறாது, எஞ்சியதை வெள்ளித்திரையிற் காண்க என முடிப்பது அதன் வழக்கம். பாட்டுதோறும் ஆசிரியர் பெயர் தாராத புத்தகங்களும் உள. இத்தகைய குறை இருப்பினும், படம் அழிந்தவிடத்துச் சொல்லைக் காத்துத் தருவது இதுவே. ஏட்டுச் சுவடிக்கு நாம் காட்டும் மதிப்பில் ஒரு கூறேனும் இதற்குக் காட்டத் தகும்.

ஆசிரியர் பெயர் மயங்குதற்கு நந்தனார் படங்கள் நல்ல எடுத்துக்காட்டாம். 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள், கதாகாலட்சேபத்தின் வழியாகப் பல்லாண்டு பரவியவை. 1935இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942இல் எம். எம். தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்த படங்களால் அக்கதை காலட்சேபத்திற்குச் செல்லாதாரையும் சென்றடைந்தது. 1942ஆம் ஆண்டுப் படத்தில் பழைய கீர்த்தனைகளோடு பாபநாசம் சிவன், கொத்தமங்கலம் சுப்பு ஆகியோர் இயற்றிய புதுப் பாடல்களும் கலந்து நின்றன. ஒரே குரலில், ஒரே கதையில், ஒரே உணர்ச்சியில் அடுத்தடுத்து வருதலின், எது பழையது எது புதியது எனக் கேட்போர் பிரித்தறிதல் அரிதாயிற்று. ஓர் ஆசிரியர் நூலுள் மற்றொருவர் செய்யுள் புகுந்து கலத்தலை இடைச்செருகல் என்கின்றோம். அதன் திரைவடிவத்தை ஈண்டுக் காண்கின்றோம்.

பாரதி பாடல்களும் உரிமை வழக்கும்

நூலிலிருந்து திரைக்கு வந்த பாடல்களுள் வரலாற்றுச் சிறப்பு மிக்கவை பாரதியாருடையன. 1921இல் அவர் மறைந்தார். 1928இல் சென்னை அரசாங்கம் அவர்தம் பாட்டு நூல்களைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. அவ்வாறு தடுக்கப்பெற்ற புலவரின் பாடல்கள் 1930களிலேயே திரையில் ஒலிக்கத் தொடங்கின, டி. கே. எஸ். சகோதரர்களின் மேனகா (1935) அத்தகைய முற்பட்ட படங்களுள் ஒன்று.

1947ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஏவி. மெய்யப்பன் நாம் இருவர் என்னும் படத்தை வெளியிட்டார். அதில் டி. கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடிய சுதந்திரப் பள்ளு நாடெங்கும் பரவிற்று. விடுதலை கைவந்துவிட்டதாகவே வைத்துப் பாரதியார் பாடிய பாட்டு அது. அவர் மறைந்து கால் நூற்றாண்டு கழிந்த பின்னர், விடுதலைக்கு ஏறத்தாழ ஏழு திங்கள் முன்னதாக, அது மக்கள் செவியில் வீழ்ந்தது. வாராத நாளை வந்ததாகப் பாடிய பாட்டு, அந்நாள் வாயிலில் நின்ற பொழுதிற் கேட்கப்பட்டமையே அதன் ஆற்றலுக்குக் காரணம் என யாம் கருதுகின்றோம்.

ஆயினும் பாட்டின் அமைப்பில் நேர்ந்த மாற்றத்தையும் நோக்குதல் வேண்டும். பள்ளு என்பது உழவர் வாழ்வைப் பாடும் சிற்றிலக்கிய வகை. பாரதியார் தம் பாட்டிற்குப் ‘பள்ளர் களியாட்டம்’ எனத் தலைப்பின்கீழ்க் குறிப்பும் தந்துள்ளார். எனவே, அது வயலில் உழைப்போர் கூட்டமாக ஆடிப்பாடும் களிப்பு. திரையிலோ அது தனியொரு சிறுமியின் ஆடலாகவும் தேர்ந்த இசையரசியின் தனிக்குரலாகவும் அமைந்தது. பாடுவார் யார் என்னும் குறிப்பு, கேட்போர் நினைவிலிருந்து நழுவிற்று. சாதி வேற்றுமை ஒழிந்த நிலையை அக்கூட்டத்தார் வாயினின்றே கேட்கவேண்டும் என்பது புலவர் உள்ளமாயின், இவ்விழப்பு சிறிதன்று.

இப்புகழே உரிமைச் சிக்கலையும் வெளிக்கொணர்ந்தது. பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை மெய்யப்பன் விலைக்குப் பெற்றிருந்தார். டி. கே. எஸ். சகோதரர்களின் பில்ஹணன் (1948) என்னும் படத்திற் பாரதி பாட்டு இடம்பெற்றமை பற்றி வழக்கு எழுந்தது. ஒரு நாட்டின் கவிஞர் பாட்டு ஒருவர் தனிச்சொத்தாக இருத்தல் தகுமோ என்னும் வினா அறிஞரிடையும் மக்களிடையும் பரவியது. 1949இல் சென்னை அரசாங்கம் பாரதியார் படைப்புகளின் உரிமையை ஏற்றது. மெய்யப்பனும் தம்மிடமிருந்த உரிமையை விட்டுக்கொடுத்தார். பின்னர் அவை மக்கள் அனைவர்க்கும் பொதுவாயின. நூலளவில் நின்றிருப்பின் இவ்வினா இத்துணை விரைவில் எழுந்திராது. திரை அப்பாட்டிற்கு விலை ஏற்றியது; அவ்விலையே அதனைப் பொதுவாக்கும் வேட்கைக்கும் வழிவகுத்தது.

பண்ணும் கூற்றும்

1917இல் அச்சான கண்ணன் பாட்டில் ‘கண்ணம்மா — என் குழந்தை’ என்னும் பாட்டு உள்ளது. பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு பாடிய அதற்குப் பைரவி இராகமும் ரூபக தாளமும் குறிக்கப்பெற்றுள்ளன. 1951இல் வெளிவந்த மணமகள் படத்தில், சி. ஆர். சுப்பராமன் அதனைப் பல இராகங்கள் தொடுத்த இராகமாலிகையாக அமைக்க, எம். எல். வசந்தகுமாரியும் வி. என். சுந்தரமும் பாடினர். கண்ணிகள் அனைத்தும் அதில் இடம்பெறவில்லை. இன்று இசையரங்குகளில் அப்பாட்டைப் பாடுவோரும் பெரும்பாலும் இத்திரை மெட்டையே பின்பற்றுகின்றனர். புலவர் குறித்த பைரவி நூலின் ஓரத்தில் நிற்கின்றது. சுப்பராமன் அமைத்த இசை சிறந்தது என்பதில் ஐயமில்லை. அதனைப் பாரதியார் அமைத்ததெனக் கருதுதலே பிழை.

பண்ணைப் போலவே கூற்றும் மாறும் என்பதற்குக் கப்பலோட்டிய தமிழன் (1961) சான்று. வ. உ. சிதம்பரம் பிள்ளையின் வாழ்வைக் கூறும் அப்படத்தின் பாடல்கள் பாரதியாருடையன, இசை ஜி. இராமநாதன். ‘கண்ணம்மாவின் நினைப்பு’ என்னும் காதற்பாட்டை அதில் பி. பி. ஸ்ரீநிவாசும் பி. சுசீலாவும் பகிர்ந்து பாடினர். நூலில் அது காதலன் ஒருவனே தன் நெஞ்சத்துக் களிப்பைக் கண்ணம்மாவை நோக்கி உரைப்பது. அகப்பொருள் மரபிற் கூறின் தலைவன் கூற்று. திரையில் அது இருவர் உரையாட்டாயிற்று. கூற்று இன்னாருடையது எனத் தெளிதலை முதற்கடனாகக் கொண்ட நம் உரை மரபு, இம்மாற்றத்தைக் காணாது செல்லலாகாது.

இசை வகுத்தார் பெயர் மறைதலும் உண்டு. ஓர் இரவு (1951) படத்தில் இடம்பெற்ற பாரதிதாசனின் யாழ்ப் பாட்டை அறியாதார் இலர். அகமும் புறமும் வள்ளுவர் நெறியும் பேசும் அப்பாட்டிற்குத் தேஷ் இராகத்தில் மெட்டமைத்தவர் தண்டபாணி தேசிகர். படத்தின் இசையமைப்பாளர் ஆர். சுதர்சனம் ஆதலின், தேசிகர் பங்கைப் பலரும் அறியார். அவ்வாறே மீரா (1945) படத்திற் காற்றில் மிதந்துவரும் குழலிசையைப் பாடிய பாட்டு எம். எஸ். சுப்புலட்சுமி பாட்டாகவே வழங்குகின்றது. அதனை இயற்றியவர் கல்கி என்பது பலர் நினைவில் இல்லை. பரிபாடல் தொகுத்தார் காத்த வேறுபாடு நம் காலத்து நெகிழ்ந்தமைக்கு இவை சான்று.

சங்கப் பாட்டும் திருப்புகழும்

திரைவழி அறியப்பட்ட பாடல்களுள் மிகப் பழையது குறுந்தொகையின் இரண்டாம் பாட்டாகலாம். திருவிளையாடல் (1965) படத்தில் தருமி அரசவையில் அதனைப் படிக்கும் காட்சியால், சங்க நூலின் பெயரறியாதாரும் அச்செய்யுளை ஒப்பிக்கக் கேட்கின்றோம். ஆனால், அங்கு அது கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டோ என்னும் வழக்கின் பொருளாகவே நிற்கின்றது. அவ்வழக்கு திருவிளையாடற் புராணத்து வந்தது. குறுந்தொகையிலோ அது குறிஞ்சித்திணைப் பாட்டு. தலைவியைக் கூடிய தலைவன் வண்டை விளித்து அவள் நலம் பாராட்டுவது. வகுப்பிற்கு வரும் மாணவர் நக்கீரரையும் நெற்றிக்கண்ணையும் உடன்கொண்டே வருகின்றனர். அவற்றை இகழாது, புராணப் பொருளையும் அகப்பொருளையும் வேறுபிரித்துக் காட்டுவதே ஆசிரியர் கடன்.

அருணகிரிநாதர் (1964) படத்தில் டி. எம். சௌந்தரராஜன் பாடிய திருப்புகழ் வேறொரு பயன் தந்தது. வல்லின அடுக்கு மிக்க அச்சந்தத்தை ஏட்டளவிற் படிப்போர் இடறுவர். செவியாற் கேட்டோர் எளிதிற் பற்றினர். எனினும், சந்தம் கைவந்த அளவிற்குப் பொருள் கைவரவில்லை. சொற்பிரிப்பும் பொருளும் உணர்த்த உரையாசிரியர் வேண்டியவரே ஆகின்றனர். அண்மையிலும் இவ்வழி அடைபட்டிலது. இருவர் (1997) படப்பாடலொன்று புறநானூற்றுப் பாரி மகளிர் பாட்டின் தொடக்கச் சொற்களை எடுத்தாண்டது. சகா (2019) படத்திற் குறுந்தொகையின் 40ஆம் பாட்டு இசையோடு ஒலித்தது. பாரி மகளிரின் கையறுநிலைச் சொற்கள் காதற்பாட்டிற் கலந்தமையை அறிதற்கும் மூலத்தை அறிதல் வேண்டும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், திரை ஒரு பாட்டைப் பரப்புவதோடு அமையாது, அதனைத் தேர்ந்தும் குறைத்தும் புதுப்பண் தந்தும் கூற்று மாற்றியும் வழங்குகின்றது என்பது பெறப்படும். இஃது எல்லாவிடத்தும் கேடெனக் கூறுதல் பொருந்தாது. திரை இல்லையேல் இப்பாடல்களுட் பல நூலகத்தோடு நின்றிருக்கும். மாற்றம் நிகழ்ந்தமையை அறியாதிருத்தலே கேடு.

ஆதலின், இனி நவீனக் கவிஞர் நூல்களைச் செம்பதிப்பாக வெளியிடுவோர், திரைக்கு வந்த பாட்டின்கீழ்ப் படத்தின் பெயர், ஆண்டு, இசை வகுத்தார், பாடினார், எடுத்துக்கொண்ட கண்ணிகள், விடப்பட்டவை ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். பல்கலைக்கழக நூலகங்கள் பாட்டுப் புத்தகங்களையும் இசைத்தட்டுகளையும் திரட்டிக் காத்தல் வேண்டும். அத்தாள்கள் மலிவானவை, விரைவில் நொறுங்குவன. பரிபாடற் குறிப்பெழுதினார் தம் காலத்துப் பாட்டிற்குச் செய்த பணி ஒரு வரியளவினதே. அவ்வொரு வரியே இன்று நமக்குப் பெருஞ்செல்வமாயிற்று. நம் காலத்துப் பாட்டிற்கும் அவ்வொரு வரியை எழுதி வைத்தல் நம் கடனாம்.