தோலில் எழுதிய தலையெழுத்து

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை – தோல் பதனிடும் தொழிலால் பெயர்பெற்ற ஊர்கள். மாட்டின் உடலில் இட்ட சூட்டுக்குறி, சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கிப் பதனிட்ட பின்னும் மறையாது. அந்தத் தோலுக்கு விலையும் குறையும். இதை இங்குள்ள தொழிலாளி நன்கறிவான். மாட்டுக்குக் குறியிட்டவன் அதன் உடைமையாளன். மனிதனுக்குக் குறியிட்டவன் யார்?

செத்தாலும் உடன் வருவது பச்சை ஒன்றே என்பது நம் பாட்டிமார் நம்பிக்கை. பச்சை அழியாததற்குக் காரணம் எளியது. மேல்தோல் ஓயாது உதிர்ந்து புதிதாகிறது. ஊசியோ மையை அதற்கும் கீழே, உள்தோலில் சேர்க்கிறது. அங்குள்ள காவல் அணுக்கள் அதைப் பற்றிக்கொள்கின்றன. விலங்கின் அந்த உள்தோலே பதனிட்டால் செருப்பாகிறது. உடல் எரிந்தால் பச்சையும் எரியும். வானுலகுக்கு வழிச்சீட்டு ஆகுமா அது?

எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் வெளியிட்ட 'தென்னிந்தியாவின் சாதிகளும் குடிகளும்' என்னும் ஏழு தொகுதி நூல், குறவர் குலப் பெண்கள் பச்சை குத்தும் தொழிலைப் பதிவு செய்திருக்கிறது. கோலமும் பூவும் குத்திப் பிழைத்த கைகள் அவை. அந்தக் குலத்தாருக்குச் சட்டமே ஒரு பச்சை குத்தியது! 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் சென்னை மாகாணத்தில் குறவர் பலர் பிறவிக் குற்றவாளிகளாக அறிவிக்கப்பட்டனர். கைரேகை வைக்க வேண்டியவராயினர். இங்கு 1947இல் நீக்கப்பட்ட அக்கொடுமை, நாடு முழுவதும் ஒழிய 1952 ஆயிற்று.

கிளேர் ஆண்டர்சன் 2004இல் எழுதிய 'படிக்கத்தக்க உடல்கள்' என்று பொருள்படும் ஆங்கில நூல் இன்னொரு கொடுமையைக் காட்டுகிறது. 1797 முதல் வங்காளத்தில் கிழக்கிந்தியக் கும்பினி, ஆயுள் கைதிகளின் நெற்றியில் அவர்தம் பெயரையும் குற்றத்தையும் பச்சையாகக் குத்தியது. பின்னர் சென்னை மாகாணத்துக்கும் வந்த அந்தத் தண்டனை 1849இல்தான் நீங்கியது. பிரமன் எழுதிய தலையெழுத்தை எவரும் கண்டதில்லை. கும்பினி எழுதிய தலையெழுத்தை ஊரே படித்தது!

கைதியின் நெற்றியில் எழுதிய அதே கும்பினி, சிப்பாயின் நெற்றியை அழிக்கவும் துணிந்தது. சீருடையில் நெற்றிக்குறி கூடாது, தோல் பட்டம் பொருத்திய புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என 1805 நவம்பரில் ஆணை பிறந்தது. 1806 சூலை 10இல் வேலூர்க் கோட்டை வெடித்தது. சமயக் குறிக்காக மட்டுமா அந்தச் சீற்றம்? தன் நெற்றியில் இருப்பதை அடுத்தவன் முடிவு செய்வதா என்ற மானவுணர்வும் அதில் இருந்தது.

பச்சையின் பொருள் மையில் இல்லை. ஊசியைப் பிடித்த கையில் இருக்கிறது. விரும்பி ஏற்றால் அணி. வலியவன் திணித்தால் விலங்கு.

இன்றோ ஒரு விந்தை! பள்ளிகளில் சாதி காட்டும் வண்ணக் கயிறுகளையும் நெற்றிக்குறிகளையும் தடுக்க வேண்டும் என்று நீதியரசர் சந்துரு குழு 2024இல் பரிந்துரைக்க நேர்ந்தது. கும்பினியும் இல்லை, குற்றப் பரம்பரைச் சட்டமும் இல்லை. நம் பிள்ளைகள் தாமே குறியை இட்டுக்கொள்கிறார்கள். கயிற்றையாவது அறுக்கலாம்; அதுவே கையில் பச்சையாக ஏறினால்? இளைஞனே, ஊசிக்குக் கையை நீட்டுமுன் ஒன்று கேள்: இதை எழுதுவது நீயா, உன் சாதியா?