செம்புப் பூவின் சாட்சியம்

கொங்கோ நாட்டின் தென்பகுதியான கட்டங்காவில், காடுகளுக்கிடையே மரமற்ற குன்றுகள் பல நிற்கின்றன. அங்கே புல்லும் சிறுசெடிகளுமே தழைக்கின்றன. மண்ணில் செறிந்துள்ள செம்பும் கோபாற்றும் மரவேர்களுக்கு நஞ்சு.

அந்நஞ்சிலே வாழப் பழகிய செடிகளுட் பல, உலோகத்தை வேரளவிலேயே தடுத்துவிடுகின்றன. சில அதனை உறிஞ்சி இலைவரை ஏற்றுகின்றன. (இலைத்தூசியைக் கழுவி அளந்தபோது பழைய கணக்குகள் சில வெகுவாகக் குறைந்தன என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.) இச்செடிகளுட் புகழ்பெற்றது, துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த ஹௌமானியாஸ்ட்ரம் கட்டங்கென்சே. தாது தேடிவந்த ஐரோப்பியர் இதனைச் 'செம்புப் பூ' என்றனர். பூத்த இடத்தை அகழ்ந்து பார்த்தனர்.

ஆனால் இப்பூ, தாதுவே இல்லாத சமநிலங்களிலும் பூத்தது. அங்கே தோண்டிய ஆய்வாளர் கண்டவை பழைய உலைகளும் உலோகக் கசடுமே! ஆபிரிக்க உழைப்பாளர் குன்றிலிருந்து தாதுவைச் சுமந்துவந்து உருக்கிய களங்கள் அவை. அன்று சிந்திய செம்பு, நூற்றாண்டுகள் கழிந்தும் மண்ணை விட்டு அகலவில்லை. கறையான் புற்று மண்ணால் உலை கட்டி, மரக்கரியிட்டு, தோல் துருத்தியால் ஊதி, பச்சைநிறத் தாதுவிலிருந்து செம்பைப் பிரித்தெடுத்தவர் அம்மக்கள். சிலுவை வடிவில் அவர்கள் வார்த்த செப்புக் கட்டிகள் நாணயமாக வழங்கின, புதைகுழிகளிலும் இடம்பெற்றன. இத்தொழிலின் வயது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. இருந்தும், கட்டங்காவின் செல்வத்தைத் தாமே 'கண்டுபிடித்ததாக' எழுதிக்கொள்ள வெள்ளையர் கூசவில்லை.

அந்தக் 'கண்டுபிடிப்பு' நடந்த விதமும் தெரிந்ததே. பெல்ஜிய மன்னன் லியோப்போல்டின் கொடியை ஏற்க மறுத்த அரசன் ம்சிரி, 1891 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டான். (அவனும் அடிமை வாணிகம் செய்தவனே, எனினும் அவனைக் கொன்றோர் நாடியது அடிமைகளின் விடுதலையை அன்று.) 1906இல் யூனியன் மினியேர் கம்பெனி பிறந்தது. சுதேச உலைகள் அணைந்தன. உலையின் அதிபதிகளாயிருந்தோரின் சந்ததியினர் கூலிகளாயினர். 1941 டிசம்பரில் கூலி உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்மீது எலிசபெத்வில் நகரில் துப்பாக்கிகள் முழங்கின.

1967இல் சுரங்கங்கள் தேசியமயமாயின. பின்னர் அந்நிய மூலதனம் மீண்டும் நுழைந்தது. திறந்தவெளிச் சுரங்கங்கள் இன்று குன்றுகளையே விழுங்குகின்றன. செப்புமண்ணிலன்றி வேறெங்கும் வளராத அகலிஃபா டிகுலுவென்சிஸ் என்னும் செடி, தன் குன்று வெட்டப்பட்டதால் பூண்டோடு அழிந்தது. 2012இல் அதன் பெயர் அற்றுப்போன இனங்களின் பட்டியலில் ஏறியது.