பந்தலும் உத்தரவுச் சீட்டும்: கொட்டாஞ்சேனை வரலாற்றில் ஓர் ஏடு

புகார் நகரத்து இந்திர விழாவைப் பாடப் புகுந்த மணிமேகலை ஆசிரியர், விழாவுக்கு முன்னதாக விழா அறிவிப்பையே ஒரு தனிக் காதையாக அமைத்தார். வச்சிரக் கோட்டத்து முரசை யானைப் பிடரில் ஏற்றி, நகரெங்கும் சென்று வள்ளுவன் விழாச் செய்தியை அறைகின்றான். அவன் கூறுவன இரு வகைப்படும். தோரணம் நாட்டுக, நிறைகுடம் வைக்க, காய்த்த கமுகும் வாழையும் கரும்பும் நடுக, பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்புக என்பன ஒரு வகை. பகைவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்க, சமய வாதம் புரிவோர் பட்டிமண்டபத்துக்குச் சென்று வாதிடுக என்பன மற்றொரு வகை. இருபத்தெட்டு நாள் நடைபெறும் விழாவுக்கு மூங்கிலும் மணலும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதது தெருவின் அமைதி என்பதை அப்புலவர் நன்கு அறிந்திருந்தார்.

இவ்விரண்டனுள் முதலாவது இன்றும் சிறிதும் மாறவில்லை. மட்டக்குளியிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு திருவிழா அணுகுங்கால், வீதியோரத்தில் முதலில் வந்து இறங்குவது மூங்கிற் கட்டும் கமுகஞ் சிலாகையும் கிடுகும் கயிறுமே. களனி கங்கை கடலொடு கலக்கும் முகத்துவாரத்தை அடுத்த எங்கள் நிலம் மணற்பாங்கானது. இங்கே நாட்டும் கம்பத்துக்குக் குழி ஆழமாக வேண்டும். அன்றேல் கடற்காற்று ஓர் இரவிலே பந்தலைச் சாய்த்துவிடும். கோயில் வாயிலில் நடைப்பந்தல், சந்தியில் அலங்காரப் பந்தல், சுவாமி வரும் வழியில் தண்ணீர்ப் பந்தல் என இவை வகைப்படும். வெசாக் காலத்தில் பௌத்தர் எழுப்பும் பெருந்தோரணங்கள் சாதகக் கதைகளைச் சித்திரமாகவும் மின்விளக்காகவும் காட்டுவன. கத்தோலிக்கரது திருநாள்களில் கொடிகளும் வளைவுகளும் தெருவை அணிசெய்யும். எல்லாரும் பயன்படுத்துவது ஒரே மூங்கில். நிற்பதும் ஒரே வீதி. வரலாற்று மாணவன் ஊன்றி நோக்கவேண்டிய இடமும் இந்த ஒரே வீதியேயாம்.

வள்ளுவன் கூறிய இரண்டாவது வகையை, பிரித்தானியர் ஆட்சியில் கட்டளைச் சட்டங்கள் மேற்கொண்டன. கொழும்பு மாநகரசபை 1865ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றியது. அதே ஆண்டில் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டமும் நிறைவேறியது. அச்சட்டத்தின் 90ஆம் பிரிவு அனுமதியின்றித் தெருவில் மேளம் முழக்குவதைத் தடுத்தது. அதற்கு அது கருதிய காரணங்களுள் ஒன்று நம்மைச் சிறிது நகைக்கச் செய்வது: வாத்திய ஓசையால் குதிரைகள் மிரளும் என்பதே அது. இரவில் மக்களின் உறக்கம் கெடும் என்பது மற்றொன்று. குதிரை வண்டியிற் செல்வோரின் நலத்தை நாடி எழுதப்பட்ட விதி, தவிலும் பறையும் தெய்வ வழிபாட்டின் உறுப்பாக உள்ள ஒரு நாட்டில் எவ்வளவு தூரம் சென்று தைக்கும் என்பதைச் சட்டம் இயற்றியோர் எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

அது தைத்த இடம் கொட்டாஞ்சேனை.

கொட்டாஞ்சேனையில் அந்நாளில் இரு பெருந் தலங்கள் ஒன்றற்கொன்று அண்மையில் இருந்தன. ஒன்று, கட்டட வேலை இன்னும் முற்றுப்பெறாதிருந்த புனித லூசியாள் பேராலயம். மற்றையது, 1873ஆம் ஆண்டுப் பாணந்துறை வாதத்தில் கிறித்தவப் போதகரை எதிர்த்து வாதிட்டுப் புகழ்பெற்ற மீகெட்டுவத்தே குணானந்த தேரர் வாழ்ந்த தீபதுத்தாராம விகாரை. (பாணந்துறை வாதம், மணிமேகலை கூறும் பட்டிமண்டபத்தின் தன்மையது; பல்லாயிரவர் கூடியும் அங்கே கைகலப்பு நிகழவில்லை என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.) 1883ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் அவ்விகாரையில் புதிய பிரதிமைக்குக் கண்திறக்கும் புண்ணிய விழா பல வாரங்கள் தொடர்ந்து நடந்தது. ஊர்தோறுமிருந்து மக்கள் காணிக்கைப் பொருள்களை மாட்டுவண்டிகளில் ஏற்றி, மேளதாளத்தோடு ஊர்வலமாக வந்தனர். இவ்வூர்வலங்கள் மறைவாக நடந்தனவல்ல. பொலிசாரின் அனுமதியோடு நடந்தவை.

விழா மார்ச் மாதத்துள் நீண்டபோதுதான் இடர் தொடங்கிற்று. அவ்வாண்டு பெரிய வெள்ளி மார்ச் 23ஆந் திகதியிலும், உயிர்த்த ஞாயிறு 25ஆந் திகதியிலும் வந்தன. பௌத்தருக்குரிய பூரணை நாளும் அதனை ஒட்டியே வந்தது. இதனை ஒரு தற்செயல் என்று கூறுவாருளர். அங்ஙனம் கூறுதல் பொருந்தாது. உயிர்த்த ஞாயிறு கணிக்கப்படும் முறையை அறிந்தோர்க்கு இது விளங்கும்: மார்ச் மாதத்துச் சமவிரவு நாளை அடுத்து வரும் பூரணைக்குப் பின் வரும் ஞாயிறே அந்நாள். ஆகவே பெரிய வாரம் ஆண்டுதோறும் ஒரு பூரணையைத் தன் அருகே கொண்டே வரும். பூரணை பௌத்தருக்குப் போயா. சைவருக்கோ, அக்காலத்துப் பூரணையை ஒட்டிப் பங்குனி உத்தரம் வருவதுண்டு. மூன்று சமயத்தாரின் பந்தல்களையும் ஒரே கிழமையில் ஒரே தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்துவது வானத்து மதி. அதனைப் பஞ்சாங்கம் பார்த்து முன்கூட்டியே அறியலாம். அனுமதி வழங்கிய மேசையில் பஞ்சாங்கம் ஒன்று இருந்திருப்பின், மாதங்களுக்கு முன்பே இது தெரிந்திருக்கும் என்பதே எம் கருத்து.

துயரின் வாரத்தை மௌனமாக அனுட்டிக்கும் கத்தோலிக்கருக்குப் பேராலயத்தின் அருகே மேளம் முழங்கிச் செல்வது அவமதிப்பாகப்பட்டது. பல வாரம் அனுமதி பெற்று நடத்திய விழாவை இடையில் நிறுத்துமாறு கேட்பது பௌத்தருக்கு அநீதியாகப்பட்டது. இரு சாராரையும் ஒருங்கே இருத்திப் பேசியிருக்க வேண்டிய வேளையில் வதந்தியே பேசிற்று. ஊர்வலத்தில் தேவமாதாவை இழிவுபடுத்தும் உருவங்கள் கொண்டுவரப்படுகின்றன என்ற கதை தெருத்தெருவாகப் பரவியது. 25ஆந் திகதி பொரளைப் பக்கத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம் கொட்டாஞ்சேனையை நெருங்கியபோது ஆலய மணிகள் ஒலித்தன, பொல்லுகளோடு மக்கள் திரண்டனர், ஊர்வலத்தார் தாக்கப்பட்டனர், வண்டி மாடுகள் கொல்லப்பட்டன, வண்டிகள் தீக்கிரையாயின. அங்கிருந்த பொலிசார் கூட்டத்தைத் தடுக்கும் வலியற்றவராயினர். ஈற்றில் படையினர் அழைக்கப்பட்டனர். ஓர் உயிர் போயிற்று. பொலிசார் உட்படப் பலர் காயமுற்றனர்.

அன்று அழிந்த பொருள்கள் யாவை என்று எண்ணிப் பார்க்க. பூந்தட்டுகள், கொடிகள், அலங்கரித்த வண்டிகள், வாய் பேசா மாடுகள். கட்டியவர்களுக்கு அவை பல நாள் உழைப்பு. ஏழைக் கிராமத்தவர் தம் கைப்பொருளைச் சேர்த்து அமைத்தவை. சாதாரணமாக விழா முடிந்தபின் தாமே அவிழ்த்தெடுக்கப்படும் இத்தற்காலிகப் பொருள்கள், சட்டத்தின் கண்ணிற் பெறுமதி அற்றவை. ஆயினும் ஒரு சமூகத்தின் மானம் அவற்றிலேதான் தங்கியிருந்தது.

அரசாங்கம் விசாரணைக் குழு ஒன்றை நியமித்தது. ஆனால், தாக்கியோர் எனக் குற்றஞ் சாட்டப்பட்டவருள் எவரும் தண்டனை பெறவில்லை. சான்று போதாது என்பதே விடை. அனுமதிச் சீட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் அடியுண்டனர். அச்சீட்டை வழங்கிய அரசாங்கம் அதற்குப் பொறுப்பேற்கவில்லை. இம்மனக்குறையே கேர்ணல் ஒல்கொட்டை 1884ஆம் ஆண்டில் இலண்டனுக்குச் செலுத்திற்று. குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த டார்பி பிரபுவின் அலுவலகத்தில் பௌத்தரின் கோரிக்கைகளை அவர் முன்வைத்தார். சமய ஊர்வலங்களில் மேளம் முழக்கும் உரிமை அவற்றுள் ஒன்று. மறு ஆண்டில், தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டனின் ஆட்சியில், வெசாக் பூரணை பொது விடுமுறை நாளாயிற்று. 1885 ஏப்ரில் 28ஆந் திகதி, புதிதாக வகுக்கப்பட்ட பௌத்தக் கொடியை குணானந்த தேரர் ஏற்றினார். ஏற்றிய இடம் அதே தீபதுத்தாராம விகாரை. இன்று வெசாக்கின்போது தலைநகரெங்கும் ஒளிரும் தோரணங்களைக் காணச் செல்வோருள் எத்தனை பேர் கொட்டாஞ்சேனையில் எரிந்த வண்டிகளை நினைப்பர்?

1883 கற்பித்த பாடத்தை ஆட்சியாளர் கற்றனர் என்று கூறுதற்கில்லை. கம்பளையில் வலஹாகொட தேவாலயத்துப் பெரஹராவுக்கு, பள்ளிவாசலை அண்மிய பகுதியில் இசையை நிறுத்தவேண்டும் என்று 1912இல் நிபந்தனை இடப்பட்டது. 1815ஆம் ஆண்டுக் கண்டி உடன்படிக்கை தம் வழக்கத்தைக் காக்கின்றது எனத் தேவாலயத்தார் வழக்காடினர். மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் 1914இல் அவர்கள் பக்கம் தீர்த்தார்; உயர் நீதிமன்றம் 1915இன் தொடக்கத்தில் அதனை மாற்றிற்று. அவ்வாண்டு மே மாத இறுதியில், வெசாக் இரவில், கண்டியில் ஒரு பள்ளிவாசலருகே மூண்ட பூசல் நாட்டின் பல பாகங்களுக்கும் பரவியது. அக்கலவரத்தையும் அதனைத் தொடர்ந்த இராணுவச் சட்டக் கொடுமைகளையும் பற்றிச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையிலே முழங்கியதும், நூலாக எழுதியதும் யாவரும் அறிந்தவை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, கொட்டாஞ்சேனைக்கு அயலான கொச்சிக்கடையில், தம் தந்தையார் தாபித்த பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கற்றளியாக எழுப்புவித்தவரும் அவரே.

இதற்கு மறுதலையாக ஓர் உதாரணமும் நம் நகரிலேயே உண்டு. ஆடி வேல் விழாவில், செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து வேற்பெருமான் தேர் ஏறிக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் எழுந்தருளும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வருவது. நகரின் நடுவே பல மைல் தூரம், பல சமயத்தார் வாழும் வீதிகள் ஊடாகத் தேர் செல்லவேண்டும். வழியும் வேளையும் வழக்கத்தால் யாவர்க்கும் தெரிந்தவையாய் இருந்தமையின், தண்ணீர்ப் பந்தல் அமைப்போர்க்கும், கடை வைப்போர்க்கும், போக்குவரத்தை மாற்றும் பொலிசார்க்கும் ஐயம் எழவில்லை. தேரைக் காணச் சைவர் மட்டுமன்றிச் சிங்கள மக்களும் திரண்டு வந்தனர். மேளம் இங்கும் முழங்கியது. ஆனால் யாருக்கும் அது திடீரென முழங்கவில்லை.

இற்றைச் சட்டநிலை பற்றிச் சிறிது கூறுவாம். பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, ஊர்வலம் தொடங்குதற்கு ஆறு மணித்தியாலங்களுக்கு முன்பாவது அருகிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும் என்கிறது. கூர்ந்து நோக்கின் இது அனுமதி வேண்டலன்று, அறிவித்தலே. பொது அமைதியை முன்னிட்டு ஊர்வலத்தைத் தடுக்கவோ நிபந்தனை இடவோ உயர் பொலிஸ் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. ஒலிபெருக்கி அவ்வாறன்று, அதற்கு அனுமதிப்பத்திரமே வேண்டும். 2007ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்பதைப் பொது விதியாக்கியது. குதிரைகள் மறைந்தன, உறங்குவோர் உளர்.

வீதியில் பந்தற்கால் நாட்ட மாநகரசபையையும், விளக்கேற்ற மின்சார சபையையும், ஊர்வலத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் பொலிசாரையும் நாடுதல் வேண்டுமாதலின், விழாச் சபையின் காரியதரிசிக்கு மூன்று வாயில்கள் உள. மூன்றும் ஒன்றையொன்று அறியாதவைபோல இயங்குவது நம்மவர் முறைப்பாடு. அம்முறைப்பாட்டில் நியாயம் உண்டு. எனினும் சட்டம் கேட்கும் ஆறு மணித்தியாலத்தை நம்பியிருப்பவன் ஏமாறுவான். அலங்காரப் பந்தல் ஒன்றைக் கட்டுவதற்கே மூன்று நான்கு நாள் செல்லும். அந்த மூன்று நான்கு நாளிலும் தெருவிற் போவோர் நின்று, இது யாருடைய விழா, எப்பொழுது, எவ்வழியே என்று வினவுவர்; மூங்கில் கட்டுவோன் கயிற்றை இறுக்கிக்கொண்டே விடை கூறுவான். மட்டக்குளியில் விழாச் செய்தி பெரும்பாலும் அவ்வாறே பரவுகின்றது.