வெயில் வளர்த்த கைத்திறன்

கோடையைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் பெரும்பாலும் முறையீடாகவே பேசுகிறோம். மே முதல் வாரத்தில் கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் காரைக்கால் தெருக்களில் நண்பகல் வேளையில் ஆள் நடமாட்டம் அரிதாகிவிடுகிறது. பிற்பகலில் கடற்காற்று எழும்வரை ஊரே மூச்சடக்கிக் காத்திருக்கிறது. ஆயினும் இதே வெயில், பல தலைமுறைகளாக இம்மண்ணின் மக்களுக்குத் தொழிலையும் சுவையையும் கற்றுத் தந்த ஆசானாகவும் விளங்கியது. அந்தப் பள்ளியில் எவரெவர் பயின்றனர், எவர் உழைப்பில் எவர் குளிர்ந்தனர் என்று எண்ணிப் பார்ப்பது வாசகர்களுக்குப் பயன் தரும் என்று நம்புகிறோம்.

காரைக்காலின் வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை ஆட்சி மாற்றங்கள். தஞ்சை அரசின் ஆளுகையிலிருந்த இவ்வூர் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்றது. 1954 நவம்பர் 1-ஆம் நாள் இந்தியாவோடு நடைமுறையில் இணைந்தது; 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் அவ்விணைப்பு சட்டப்படி முழுமை பெற்றது. இவை பாடநூல்களில் உள்ளவை. முற்றங்களிலும் மொட்டைமாடிகளிலும் கடற்கரை மணலிலும் நடந்த வரலாறு ஒன்று உண்டு. அதை நடத்தியவர்கள் பெரும்பாலும் பெண்களும் ஏழை உழைப்பாளர்களுமே. ஆகவே அது ஏடுகளில் ஏறவில்லை.

கைத்தொழிலுக்குக் கோடையே பருவமாக அமைந்தது தற்செயலன்று. காவிரிப் படுகையின் உழவு முறையே அதற்குக் காரணம். சம்பா அறுவடை தை மாதத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடும். அறுவடைக்குச் சில நாள்களுக்கு முன்பே, நெற்பயிர் நிற்கும்போதே, ஈர வயலில் உளுந்தையும் பயற்றையும் தெளித்துவிடுவது இப்பகுதி உழவரின் வழக்கம். எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே அவை விளைந்து, பங்குனி சித்திரையில் வீட்டுக்கு வந்து சேரும். அதன்பின் ஆறுகள் வறண்டு கிடக்கும். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின்னரும் சூன் 12 என்பதே தண்ணீர் திறப்புக்கு மரபான நாளாயிற்று. ஆக, சித்திரையும் வைகாசியும் வயலில் வேலையற்ற மாதங்கள். வீட்டிலோ புது உளுந்து, தலைக்கு மேல் செலவில்லாத வெயில். இம்மூன்றும் ஒன்று கூடியதால் பிறந்தவையே அப்பளமும் வற்றலும் வடகமும்.

அவற்றுள் காரைக்காலுக்கும் புதுவைக்கும் தனிப் பெருமை தருவது தாளிப்பு வடகம். சின்ன வெங்காயத்தை உரித்து ஒன்றிரண்டாக இடித்து, பூண்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து ஓர் இரவு மூடி வைப்பார்கள். மறுநாள் காலையில் வெயிலில் பரப்பி, மாலையில் அள்ளி உருண்டையாகப் பிடிப்பார்கள். அடுத்த நாள் அவ்வுருண்டையை உதிர்த்து மீண்டும் காயவைப்பார்கள். இப்படி ஒரு வாரம், பத்து நாள் செய்து, கையில் விளக்கெண்ணெய் தடவி உருட்டிப் பானையில் இட்டால் ஓராண்டுக்குக் கெடாது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் காய்கறி அருகும்போது, குழம்பில் தாளிக்க ஒரு சிட்டிகை போதும். கோடை, மழைக்காலத்திற்கென்று சேமித்து வைத்த செல்வம் அது.

இந்தப் பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளில் வாழ்ந்த வெள்ளையர் நாவில் வடகத்தின் சுவை ஒட்டிக்கொண்டது. அவர்கள் அதனை ‘வடுவான்’ என்று தம் மொழியில் அழைத்துத் தம் நாட்டுக்கும் கொண்டு சென்றனர். இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மேலைநாட்டுப் பெரிய உணவகங்களின் சமையற்கலைஞர்கள் அதைப் புதியதோர் அரிய மணப்பொருளாகக் கொண்டாடினர். நம் பாட்டியர் வெயிலில் குந்தியிருந்து, காகம் விரட்டி, கண்ணீர் வழிய வெங்காயம் உரித்துச் செய்த பொருள் அது. அதன் புகழ் கடல் கடந்தது; செய்தவர்களின் பெயர் தெருவைக் கூடக் கடக்கவில்லை.

அடுத்து, பனையைப் பற்றிச் சொல்லாமல் கோடையைப் பற்றிச் சொல்ல இயலாது. மற்ற மரங்கள் வாடும் பருவத்தில் பனை நமக்கு நுங்கும் பதநீரும் தருகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் சாறு புளிக்காமல் இனிக்கும், பூசாவிட்டால் கள்ளாகிவிடும். ஒரு பூச்சளவு அறிவுதான் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு. பனையோலையில் விசிறியும் பெட்டியும் கிலுகிலுப்பையும் முடைவது முதியோர் சிறுவர்க்குக் கற்பித்த விடுமுறைப் பாடம். நுங்கு உண்ட பின் எஞ்சிய கூந்தல் இரண்டைக் குச்சியில் கோத்து வண்டி உருட்டாத சிறுவன் அக்காலத்தில் இருந்திருக்க மாட்டான்.

இக்கைத்திறன் நம் வழிபாட்டிலும் இடம் பெற்றிருப்பதை வாசகர்கள் அறிவார்கள். கோடை தலைகாட்டும் நாள்களில் குருத்தோலை ஞாயிறு வருகிறது. பவனி முடிந்ததும் பிள்ளைகள் கோயில் படிக்கட்டுகளில் அமர்ந்து, இளங்குருத்தைக் கிழித்து மடித்துச் சிலுவை செய்கிறார்கள். அது வீட்டில் ஓராண்டு இருந்து, உலர்ந்து, மறு ஆண்டு திருநீற்றுப் புதனுக்குச் சாம்பலாகிறது. எந்த மறைக்கல்வி நூலும் அந்த மடிப்பைக் கற்பிப்பதில்லை. அக்காள் தம்பிக்குக் கற்பிக்கிறாள். ஒரு தலைமுறை கற்பிக்க மறந்தால் அம்மடிப்பு மறைந்துவிடும்.

கடற்கரைச் சிற்றூர்களிலும் கோடைக்கென ஒரு கைவேலை உண்டு. முற்காலத்துப் பருத்தி நூல் வலைகள் உப்புநீரில் விரைவில் இற்றுப்போகும். ஆதலால் அவற்றை மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்து வெயிலில் உலர்த்துவர். நைலான் வலை வந்தபின் அவ்வேலை நின்றது. கிழிசல் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. மீன்வளம் காக்கும் பொருட்டு நம் கிழக்குக் கடற்கரையில் 2001 முதல் கோடையில் 45 நாள்களும், 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி சூன் 14 வரை 61 நாள்களும் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உள்ளது. அந்நாள்களில் படகு பழுது பார்ப்பதும் வலை சீராக்குவதும் கரையெங்கும் நடக்கின்றன. செபதேயுவின் மக்கள் அழைப்புப் பெற்ற வேளையில் செய்துகொண்டிருந்ததும் வலை பழுது பார்க்கும் வேலையே அன்றோ!

இனி, குளிர்ச்சியைத் தேடிய வழிகளைக் காண்போம். மண்பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை உடன் கொண்டு செல்கிறது. உள்ளே இருக்கும் நீர் குளிர்கிறது. மணற்பரப்பின் மீது பானையை வைத்து, வெட்டிவேர் இட்டு, ஈரத்துணி சுற்றுவது இதனை அறிந்தோர் கண்ட முறை. ஆனால் கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி. ஆவியாதல் மெதுவாகவே நடக்கும். எனவேதான் நம்மூரில் பானைக்கு இணையாகக் காற்றோட்டமும் தேவைப்பட்டது. திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் அதற்காகவே அமைந்தன. ஓலை விசிறி ஒவ்வொருவர் கையிலும் இருந்ததும் அதற்காகவே.

செல்வர்களோ குளிர்ச்சியை விலைக்கு வாங்க முற்பட்டனர். அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகர வணிகர் பிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, 1833-இல் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார். 180 டன்னாகப் புறப்பட்ட சரக்கில் ஏறத்தாழ 100 டன் நான்கு மாதக் கடற்பயணத்திற்குப் பின்னும் உருகாமல் வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் 1842-இல் எழுந்த ‘ஐஸ் அவுஸ்’ இவ்வாணிபத்தின் சின்னம். இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை வந்ததும் அவ்வாணிபம் நலிந்தது. 1897-இல் விவேகானந்தர் தங்கிய அக்கட்டடம் இன்று அவர் பெயரால் நினைவில்லமாக நிற்கிறது. பாதி உலகைச் சுற்றி வந்த அந்தக் குளிர்ச்சி யாருக்குக் கிடைத்தது? விலை கொடுக்க வல்ல சிலருக்கே. குயவர் கையால் உருவான பானையோ எல்லார்க்கும் பொது.

பனிக்கட்டியைக் காட்டிலும் நம் சிந்தனையைத் தூண்டுவது பங்கா. துணி கட்டிய நீண்ட சட்டத்தைக் கூரையில் தொங்கவிட்டு, கயிற்றைச் சுவரிலுள்ள துளை வழியே வெளியே கொண்டு சென்று ஒருவர் இழுத்துக்கொண்டே இருப்பார். மின்விசிறி வரும்வரை வெள்ளையரின் மாளிகைகளிலும் நீதிமன்றங்களிலும் தேவாலயங்கள் சிலவற்றிலும்கூட இவ்வாறே காற்று வீசிற்று. கயிற்றின் ஒரு முனையில் சுகம்; மறுமுனையில், வெயில் பட்ட தாழ்வாரத்தில், வியர்வை. உள்ளே இருந்தவர் வெளியே இருந்தவர் முகத்தைக் காணவேண்டிய தேவைகூட இல்லாதபடி நடுவே சுவர் நின்றது. ஒருவர் தமக்கோ தம் குழந்தைக்கோ விசிறிக்கொள்வதும், ஒருவருக்காக மற்றொருவர் நாள் முழுதும் விசிறுவதும் ஒன்றாகா. கோடையின் இன்பங்களை வரலாற்றில் தேடும் நாம் ஒவ்வொன்றிடமும் கேட்கவேண்டிய கேள்வி இதுவே: கயிற்றின் மறுமுனையில் இருந்தவர் யார்?

இக்கேள்வியை நம் வீடுகளிலும் கேட்டாக வேண்டும். வடகம் காய்ந்த மாடியில் பேச்சும் சிரிப்பும் இருந்தன என்பது உண்மை. விடியுமுன் எழுந்து ஆட்டுக்கல்லில் அரைத்த கைகள் காய்த்துப் போயின என்பதும் உண்மை. குளிர்பதனப் பெட்டியும் அரவை இயந்திரமும் பெண்களுக்குத் தந்த ஓய்வை இழிவாகப் பேச நமக்கு உரிமையில்லை. உழைத்தவர்கள் உழைத்துக்கொண்டே இருந்திருக்கவேண்டும் என்று, உண்டு சுவைத்தவர்கள் ஏங்குவது நியாயமாகாது. பனையேறியின் மார்பிலிருந்த தழும்பை எண்ணாமல் பதநீரின் இனிமையை மட்டும் போற்றுவதும் அத்தகையதே.

அப்படியாயின் பழமையிலிருந்து நாம் காத்துக்கொள்ள வேண்டியது எது? இதற்குக் காரைக்கால் மண்ணே விடை தருகிறது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் சொல்லும் புனிதவதியாரின் வரலாற்றைச் சைவர் மட்டுமன்றி இவ்வூரார் அனைவரும் அறிவர். கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய மாங்கனிகள் இரண்டு. பசியோடு வந்தார் ஓர் அடியவர். சோறு ஆயிற்று, கறி இன்னும் ஆகவில்லை. கையிலிருந்த கனியொன்றை அவருக்குப் படைத்தார் அப்பெண். பின்னர் நிகழ்ந்த அற்புதத்தையே பலரும் பேசுவர். அற்புதத்திற்கு முன் நடந்த எளிய செயலை நாம் எண்ணிப் பார்க்கிறோம். கணவனுக்கென்று வைத்த கனி, பசித்தவனுக்குச் சென்றது. இன்றும் ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி நடைபெறும் மாங்கனித் திருவிழாவில் வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனிகளை வீசுகிறார்கள். கீழே நிற்போர் ஏந்திக்கொள்கிறார்கள். பருவத்தின் மிகச் சிறந்த கனியைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் தெருவுக்கு வழங்குவதை ஓர் ஊரே தன் பெருவிழாவாகக் கொண்டிருப்பது, சமய வேலிகளைக் கடந்து நாமும் மகிழத்தக்க செய்தி.

இன்று கோடையின் கடுமை ஆண்டுக்காண்டு கூடி வருவதை அறிவியலார் அளந்து சொல்கின்றனர். அக்கடுமை எல்லார் மீதும் ஒருபடித்தாக விழுவதில்லை. குளிரூட்டிய அறையில் இருப்பவர் அறியாத வெயிலைச் சாலை போடுபவரும், மீன் கூடை சுமக்கும் தாய்மாரும், தகரக் கூரையின் கீழ் வாழ்வோரும் அறிவர். கயிறு மறைந்துவிட்டது, சுவர் மறையவில்லை. ஆகவே இக்கோடையில் நம் பங்குகள் செய்யத்தக்கவை சில உண்டு. ஆலய வாசலில் பானையில் தண்ணீரும் மோரும் வைக்கலாம். விடுமுறையில் பிள்ளைகளை முதியோரிடம் அனுப்பி ஓலை முடையவும் வடகம் போடவும் கற்கச் செய்யலாம். ஆண் பிள்ளைகளும் சேர்ந்து வெங்காயம் உரிக்கட்டும். நுங்கு விற்பவரிடம் பேரம் பேசாதிருக்கலாம்.

தானியேல் நூலில் தீச்சூளையின் நடுவே நின்று பாடிய இளைஞர் மூவர், வெப்பத்தையும் ஆண்டவரைப் போற்ற அழைத்தனர் என்று வாசிக்கிறோம். அவர்கள் தனித்து நிற்கவில்லை. நான்காவதாக ஒருவர் அவர்களோடு உலவினார். நம் ஊர் வெயிலில் நிற்பவர்களுக்கு அத்தகைய துணையாக அமைய, நம்மிடம் பெரிய பொருள் வேண்டியதில்லை. கையில் ஓர் ஓலை விசிறி இருந்தால், அதை அடுத்தவர் பக்கம் சிறிது திருப்பி வீச மனம் வந்தால் போதும்.